சிலுவைக் குறியும் மூச்சுக் குறியும்: ஒரு பழைய பியானோப் புத்தகத்தின் வரலாறு

மலர்க் குழுவினர் வழக்கம்போல என்னிடம் ஒரு சுகாதாரக் கட்டுரை கேட்டார்கள். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் முன்பே எழுதிவிட்டதால், இம்முறை வேறு விஷயம் எழுத அனுமதி கேட்டேன். ஆனாலும் ஒரு தாதி எழுதும் கட்டுரையில் நாடியும் மூச்சும் வராமல் போகாது. இதிலும் வந்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மாவின் வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. அதன் மேல் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் கிடக்கும். இங்கிலாந்தில் அச்சான ஒரு பியானோப் பயிற்சி நூலையும் தேவாலயப் பாட்டுகளின் இராகப் புத்தகம் ஒன்றையும் யாரோ ஒரே அட்டைக்குள் தைத்துக் கட்டியிருந்தார்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பியானோவைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. புத்தகத்தை அம்மம்மா ஒரு சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டார். கிளாலியைக் கடந்து, வன்னியில் இருந்து, பின் நான் தமிழ்நாட்டில் தாதிப் பயிற்சி பெற்ற காலத்திலும் அது எங்கள் குடும்பத்தோடு இருந்தது. இன்று ரொறன்ரோவில் என் வீட்டு மேசையில் இருக்கிறது. அம்மம்மா இல்லை.

சிலுவை என்று நினைத்த குறி

எட்டு வயதில் எனக்கு வாசிக்கத் தெரியாது. அம்மம்மா வாசிக்கும்போது பக்கம் புரட்டுவது என் வேலை. அந்தப் பயிற்சி நூலில் சுரங்களுக்கு மேலே ஆங்காங்கே சிறு சிறு + குறிகள் இருந்தன. நான் அவற்றைச் சிலுவை என்றே நினைத்தேன். அவ்விடம் வந்ததும் கண்ணை மூடி ஜெபிக்க வேண்டுமாக்கும் என்று எண்ணி மூடுவேன். பக்கம் புரட்டும் இடம் தவறிவிடும். "கண்ணைத் திற பிள்ளை, தாளைத் திருப்பு" என்பார் அம்மம்மா.

பல ஆண்டுகள் கழித்து இங்கே என் மகள் அந்தப் புத்தகத்தை வைத்து வாசிக்கப் பார்த்தாள். "அம்மா, இந்த இலக்கம் எல்லாம் பிழை, விரல் சிக்குது" என்றாள். அவளுடைய ஆசிரியை பார்த்தவுடன் சொல்லிவிட்டார். அது ஆங்கில விரற்குறி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அச்சான பியானோ நூல்களில் பெருவிரலுக்கு + என்று போடுவார்கள். சுட்டுவிரலுக்கு 1, நடுவிரலுக்கு 2, மோதிரவிரலுக்கு 3, சின்னவிரலுக்கு 4. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பெருவிரல்தான் 1, சின்னவிரல் 5. பின்னர் அந்த முறையே எங்கும் நிலைத்துவிட்டது. பழைய புத்தகத்தில் 1 என்று கண்டு இன்றைய பிள்ளை பெருவிரலை வைத்தால் கை முழுவதும் ஒரு விரல் தள்ளிப்போய்விடும்.

குறி ஒன்றுதான், பொருள் வேறு. எங்கள் தொழிலில் இதுதான் பெரிய ஆபத்து. நோயாளியின் பதிவேட்டில் விளங்காத சுருக்கெழுத்தைக் கண்டால் ஊகிக்காதே, கேள் என்பது எங்களுக்கு முதலில் கற்றுத்தந்த பாடம். ஆகவே அந்தப் புத்தகத்தில் எனக்கு விளங்காத குறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டும் படித்தும் அறியத் தொடங்கினேன். அறியப் போனால், பாதிக் குறிகள் திருச்சபையின் மடியில் பிறந்தவை.

கோடுகள் வந்த கதை

சுரங்களைக் கோடுகளில் எழுதும் முறையை ஒழுங்குபடுத்தியவர் 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அரெட்சோவின் குய்டோ என்ற துறவி. அதற்கு முன் தேவாலயப் பாடகர்கள் ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் காதால் கேட்டே மனனம் செய்தார்கள். அதற்குப் பல ஆண்டுகள் எடுத்தன. குய்டோ கோடுகளைப் போட்டு, எஃப் சுரத்தின் கோட்டைச் சிவப்பாலும் சி சுரத்தின் கோட்டை மஞ்சளாலும் வரைந்தார். இன்று இடப்புறம் நாம் காணும் சுருண்ட குறிகள் இரண்டும் அந்த வழியில் வந்தவையே. மேற்கோடுகளின் குறி ஜி என்ற எழுத்து, கீழ்க்கோடுகளின் குறி எஃப் என்ற எழுத்து. நூற்றாண்டுகளாக எழுதி எழுதி உருமாறிவிட்டன. எஃப் குறியின் அருகில் இருக்கும் இரண்டு புள்ளிகள் எஃப் கோட்டை நடுவில் வைத்துக் காட்டுகின்றன.

குய்டோ இன்னொன்றும் செய்தார். யோவான் ஸ்நானகன் மேல் பாடப்பட்ட ஒரு இலத்தீன் கீதத்தில் ஒவ்வொரு அடியும் முந்திய அடியைவிட ஒரு சுரம் உயரத்தில் தொடங்கியது. அந்த அடிகளின் முதல் அசைகளை எடுத்து உட், ரே, மி, ஃபா, சோல், லா என்று சுரங்களுக்குப் பெயர் வைத்தார். பின்னாளில் உட் என்பது டோ ஆயிற்று. பாப்பரசர் பத்தொன்பதாம் யோவான் அவரை ரோமுக்கு அழைத்து, அந்த முறையில் தாமே ஒரு அடியைப் பாடிப் பார்த்து வியந்தாராம். நம் பிள்ளைகள் பாடும் டோ ரே மீ ஒரு தேவாலயப் பாட்டிலிருந்து வந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

உடைந்த வட்டம்

பாட்டின் தொடக்கத்தில் 4/4 என்று போடவேண்டிய இடத்தில் சில தாள்களில் சி போன்ற ஒரு குறி இருக்கும். அது ஆங்கில எழுத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது எழுத்து அல்ல, பாதி வட்டம். 13ஆம் நூற்றாண்டில் கொலோனின் ஃபிராங்கோ என்ற இசையறிஞர், மூன்றாகப் பிரியும் கால அளவே முழுமையானது என்றும், முழுமை என்ற பெயர் பரிசுத்த திரித்துவத்திலிருந்து வந்தது என்றும் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் மூன்றாகப் பிரியும் காலத்துக்கு முழு வட்டமும் இரண்டாகப் பிரியும் காலத்துக்கு உடைந்த வட்டமும் அடையாளமாயின. முழு வட்டம் வழக்கொழிந்தது. உடைந்த வட்டம் மட்டும் நம் புத்தகங்களில் மிஞ்சியிருக்கிறது.

பாக் தன் மகனுக்கு எழுதிய அட்டவணை

சுரத்தின் தலைமேல் நெளிந்த கோடு, நெளிவின் குறுக்கே சிறு வெட்டு, படுத்த எஸ் எழுத்து போன்ற சுருள்: இவை அழகூட்டும் குறிகள். நம் கீர்த்தனைகளில் பாகவதர் கமகம் சேர்ப்பது போல, ஒரு சுரத்தை அடுத்த சுரத்தோடு அசைத்துப் பாடுவதற்கான சுருக்கெழுத்து. ஆனால் எப்படி அசைப்பது என்பது நாட்டுக்கு நாடு, ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

1720ஆம் ஆண்டு ஜனவரியில் யோகான் செபஸ்தியான் பாக், ஒன்பது வயதான தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் தொடங்கினார். அதில் இந்தக் குறிகளை மேல்வரியில் எழுதி, ஒவ்வொன்றையும் எப்படி வாசிக்கவேண்டும் என்பதைக் கீழ்வரியில் முழுச் சுரங்களாக விரித்து எழுதினார். பிள்ளை ஊகிக்கவேண்டியதில்லை. அடுத்து வரும் விரற்பயிற்சியின் தலையில் மூன்று எழுத்துகள் உள்ளன. அவற்றின் பொருள் "இயேசுவின் நாமத்தில்". பாக் தம் திருச்சபைப் பாடல்கள் பலவற்றின் தொடக்கத்தில் "இயேசுவே, உதவும்" என்பதன் சுருக்கத்தையும் முடிவில் "தேவன் ஒருவருக்கே மகிமை" என்பதன் சுருக்கத்தையும் எழுதுவார். அந்த எழுத்துகளை யாரும் வாசித்து ஒலிக்க முடியாது. ஆனாலும் அவை அந்தத் தாளின் பகுதிதான்.

மென்மையும் உரப்பும்

பியானோ என்ற கருவியை 1700ஆம் ஆண்டளவில் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி செய்தார். அதற்கு முந்திய ஹார்ப்சிகோர்ட்டில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். இதில் விரலின் பாரத்துக்கு ஏற்ப ஒலி கூடியது, குறைந்தது. இத்தாலிய மொழியில் பியானோ என்றால் மென்மை, ஃபோர்த்தே என்றால் உரப்பு. கருவிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நம் தாள்களில் காணும் பி, எஃப் எழுத்துகள் அவற்றின் முதலெழுத்துகள். இந்தக் கருவிக்கென்றே எழுதி முதலில் அச்சானவை 1732இல் வெளிவந்த லொதோவிக்கோ ஜுஸ்தினியின் சொனாட்டாக்கள்.

பின்னர் கால் மிதியும் வந்தது. அலங்கார எழுத்தில் "பெட்" என்று இருந்தால் மிதியை அழுத்தவேண்டும். பூ அல்லது நட்சத்திரம் போன்ற குறி வந்தால் காலை எடுக்கவேண்டும். அந்தப் பூவை நான் நெடுநாள் அச்சகத்தார் போட்ட அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். 1802இல் வெளியான, உலகம் "நிலவொளி" என்று அழைக்கும் பேத்தோவனின் சொனாட்டாவில் இந்தக் குறியும் இல்லை. "சோர்டினோ இல்லாமல்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஒலியை அடக்கும் கருவி என்றே அந்தச் சொல்லைப் பலரும் அறிந்திருப்பதால், அது மிதியைத் தொடாதே என்று சொல்வது போலத் தோன்றும். உண்மையில் தந்திகளை அடக்கும் கம்பளிக் கட்டைகள் இல்லாமல், அதாவது மிதியை அழுத்தி அவற்றை உயர்த்தி வாசி என்பதே அதன் பொருள். ஒரு சொல்லைப் பிழையாக விளங்கினால் செய்யவேண்டியதற்கு நேர் எதிரானதைச் செய்துவிடுவோம்.

சில பக்கங்களின் அடியில் வி.எஸ். என்று அச்சிட்டிருந்தது. எந்தத் தாதியும் இதை நோயாளியின் நாடி, மூச்சு, வெப்பம், அழுத்தம் பார் என்றுதான் வாசிப்பாள். இசையில் அது "உடனே திருப்பு" என்பதன் இத்தாலியச் சுருக்கம். பக்கம் புரட்டிய எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியிருந்த குறி அதுதான். நான் சிலுவையைப் பார்த்து, அதை விட்டுவிட்டேன்.

நாடியும் ஊசலும்

ஒரு பாட்டை எவ்வளவு வேகத்தில் வாசிப்பது? கடிகார ஒழுங்கு வருமுன் இசைக்காரர்கள் தேடிப் போனது மனித நாடியை. 1496இல் மிலான் நகரில் கஃபூரியஸ், சீராக மூச்சு விடும் மனிதனின் நாடியே தாளத்தின் அளவு என்று எழுதினார். 1752இல் பெர்லினில், பிரஷ்ய மன்னருக்குக் குழலிசை கற்பித்த குவான்ட்ஸ், நிமிடத்துக்குச் சுமார் 80 முறை துடிக்கும் நலமான ஒருவரின் நாடியை அடிப்படையாக வைத்தார். ஓய்வில் இருக்கும் வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை என்று நாங்கள் படித்ததோடு இது பொருந்துகிறது.

வைத்தியர்களோ எதிர்த் திசையில் போனார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதுவாவில் சந்தோரியோ என்ற வைத்தியர், நூலில் தொங்கும் குண்டை ஆட்டி, அதன் ஆட்டம் நோயாளியின் நாடியோடு சேரும்வரை நூலை நீட்டியும் குறைத்தும் நாடியை அளந்தார். ஊசலால் நாடியை அளந்தவர் வைத்தியர். நாடியால் இசையை அளந்தவர் வித்துவான். இரண்டையும் சேர்த்து மூடியதுபோல 1815இல் மெல்ட்சல் என்பவர் ஊசல் வைத்த மெட்ரோனோம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் மூல யோசனை ஆம்ஸ்டர்டாமில் இருந்த விங்க்கல் என்பவருடையது. தாளின் தலையில் எம்.எம். என்று எழுத்துகளும் ஒரு இலக்கமும் இருந்தால், மெல்ட்சலின் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு அத்தனை துடிப்பு என்று பொருள். செவி மங்கிய பேத்தோவனுக்குக் காதுக் குழாய்கள் செய்து கொடுத்தவரும் இதே மெல்ட்சல்தான்.

அம்மம்மாவின் புத்தகத்தில் ஒரு பாட்டின் மேல் 72 என்ற இலக்கத்தைப் பென்சிலால் வெட்டி, 60 என்று எழுதியிருக்கிறது. ஊரிலே சபையார் அவ்வளவு வேகமாகப் பாடவில்லை போலும்.

தொப்பிக் குறி

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையில் ஒரு மூத்தவரின் நினைவு ஆராதனைக்கு வாசிக்க ஆள் இல்லாததால் என்னை அழைத்தார்கள். நான் கற்றுக்குட்டி. தாளில் ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு புள்ளியும் அதன்மேல் தொப்பி போன்ற வளைவும் இருந்தன. சுரத்தை நீட்டு என்று அதற்குப் பொருள் படித்திருந்தேன். ஒவ்வொரு தொப்பியிலும் நான்கு எண்ணி நீட்டினேன். முன்வரிசையில் இருந்த வயதானவர்களுக்கு மூச்சு முட்டியது. ஒருவர் இருமினார். சிலர் அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள், சிலர் என்னோடு நின்றார்கள். பாட்டு இரண்டாகப் பிளந்தது. அந்தக் குடும்பத்தார் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகுதான் படித்தேன். ஜெர்மானிய லூத்தரன் சபைப் பாட்டுகளில், பாக் எழுதியவை உட்பட, அந்தக் குறி பெரும்பாலும் அடி இங்கே முடிகிறது என்று மட்டும் காட்டுகிறது. சபையார் மூச்செடுக்கும் இடம் அது. நான் மூச்செடுக்கவேண்டிய இடத்தில் மூச்சை அடக்க வைத்திருக்கிறேன்!

எழுத்துகளால் பாடியவர்கள்

இராகப் புத்தகத்தின் பாதியில் கோடுகளுக்கு மேலே சிறிய ஆங்கில எழுத்துகளும் முக்காற்புள்ளிகளும் வரிசையாக இருந்தன. அவை டோ, ரே, மீயின் முதலெழுத்துகள். இங்கிலாந்தின் நோரிச் நகரில் சேரா குளோவர் என்ற அம்மையார், பிள்ளைகளுக்குப் பாடக் கற்பிக்க உருவாக்கிய முறை இது. 1841இல் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களின் கூட்டமொன்று, எளிதாகப் பாட்டுக் கற்பிக்க வழி தேடும்படி ஜான் கர்வன் என்ற இளம் போதகரிடம் கேட்டது. அவர் குளோவர் அம்மையாரின் முறையை எடுத்துத் திருத்திப் பரப்பினார். விலைகூடிய கருவியும் வேண்டாம், கோடுகளும் வேண்டாம். ஏழைத் தொழிலாளரும் நான்கு குரலில் பாடினார்கள். மிஷனரிகள் அதை ஆபிரிக்காவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் கொண்டுபோனார்கள்.

நமக்கு அது புதிதாகத் தோன்றாது. நம் ச ரி க ம போலவே, அந்த டோவும் பாடுபவரின் குரலுக்கு ஏற்ற இடத்தில் நிற்கும்.

ஒரு காற்புள்ளி

கடைசியாக, அச்சில் இல்லாத ஒரு குறி. அம்மம்மாவின் புத்தகத்தில் ஒரு பாட்டின் மூன்றாம் அடியில், இசை தொடர்ந்து ஓடும் நடு இடத்தில், பென்சிலால் அழுத்தி ஒரு காற்புள்ளி போட்டிருக்கிறது. காற்புள்ளி மூச்செடுக்கும் குறி. ஆனால் அந்த இடத்தில் சொல்லும் முடியவில்லை, இராகமும் முடியவில்லை. மகளின் ஆசிரியையும் "இங்கே ஏன்?" என்று கேட்டார்.

என் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "அது அப்பாவுக்கு" என்றார். என் அம்மப்பாதான் அந்தச் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். அவருக்குத் தொய்வு. பாடுவது என்றால் நீளமாக மூச்சை வெளியே விடுவது. தொய்வு உள்ளவருக்கு மூச்சுக் குழாய்கள் ஒடுங்குவதால் அந்த வெளிமூச்சே கடினம். இன்று எல்லோர் பையிலும் இருக்கும் சல்பியூட்டமோல் பம்ப் 1969இல்தான் விற்பனைக்கு வந்தது. அவர் அதற்கு முந்திய காலத்தவர். மூன்றாம் அடியை ஒரே மூச்சில் முடிக்க அவரால் ஏலாது. ஆகவே அம்மம்மா அவ்விடத்தில் கையைத் தூக்கினார். முழுச் சபையும் அவரோடு நின்று மூச்செடுத்தது. வெளியார் யாருக்கும் அவர் நோயாளி என்று தெரியாது.

நான் கனடாவிலும் இந்தியாவிலும் நூற்றுக்கணக்கான பதிவேடுகளில் மூச்சின் எண்ணிக்கையை எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு மருத்துவக் குறிப்பைக் கண்டதில்லை.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள்

நம் சபைக்கு இருபத்தைந்து வயது. தொடங்கியபோது கோட்டைப் போட்டுக்கொண்டே குளிரில் பாடிய இளைஞர்கள் இப்போது முன்வரிசையில் இருக்கிறார்கள். திரையில் பாட்டு வருகிறது, நல்லது. மாடி அறையில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இரண்டு பெட்டிகளில் கட்டி, வீசுவதற்கு வைக்கப்பட்டிருக்கின்றன. வீசுமுன் தயவுசெய்து ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். பென்சில் குறிகள் உள்ள பக்கங்களை நான் படம் எடுத்து வைக்க ஆயத்தமாக இருக்கிறேன். அவற்றை எழுதியவர்களும், அவர்களோடு பாடியவர்களும் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். எது என்ன குறி என்று இப்போதே கேட்டு எழுதிவைத்தால், நம் பிள்ளைகள் ஊகிக்கவேண்டி வராது.

அந்தப் பாட்டை நாம் இப்போதும் பாடுகிறோம். கடந்த சில மாதங்களாக மூன்றாம் அடியின் நடுவில் நான் ஒரு கணம் நிற்பதைச் சிலர் கவனித்து, "தாளம் தவறுகிறதா?" என்று கேட்டார்கள். தவறவில்லை. முன்வரிசையில் இருவருக்கு மூச்சு வாங்குகிறது. நம் புத்தகத்திலும் அவ்விடத்தில் ஒரு காற்புள்ளி போட்டுவிட்டேன்.

மூச்சுள்ள யாவருக்கும் சுவாசம் தந்தவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.